ஆறாவது முக்காலி

குடையை மடக்கக்கூட மறந்து டோ சானின் தேநீர்க்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தகரக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. என் கணவரை என்ன சொல்லித் திட்டலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பர்மிய மொழியில்தான் திட்ட வேண்டும். அது நானே போட்ட விதி.

உள்ளே, சுவரோர மேசையில் நான்கு ஆண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் கணவர் சரவணன். நால்வருக்கும் நடுவே, ஐந்தாவதாக, குட்டையான சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலியில் என் மகன் கதிர். அவன் கன்னம் இரண்டிலும் தனக்கா, மரப்பட்டையை அரைத்த மஞ்சள் குழம்பு, பூசியிருந்தது. நான் பூசியதல்ல. கடைக்கார அம்மாள் டோ சான் பூசிவிட்டிருக்க வேண்டும். வட்டம் அழகாக வந்திருந்தது. நான் பூசினால் எப்போதும் ஒரு பக்கம் வழியும்.

கதிருக்கு மூன்று வயதாக இரண்டு மாதம் இருந்தது. அன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை. 'அம்மா' என்றுகூட.

"உளுந்து இன்னிக்கு ஏறும் நோ, எழுதி வச்சுக்கங்க," என்று கோ மணி சொல்லிக்கொண்டிருந்தார். இந்த 'நோ' எங்கள் ஊர்த் தமிழுக்கு வால் மாதிரி. பர்மிய மொழியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. 'சரிதானே' என்று பொருள்.

"பொய்!" சைமன் அண்ணன் மேசையில் ஓங்கி அறைந்தார். கோப்பைகள் தட்டோடு துள்ளின. "பச்சப் பொய்! போன வாரமும் இதத்தானேய்யா சொன்ன?"

அந்த அறையின் சத்தம் அடங்கியதும் இன்னொரு சத்தம் கேட்டது. ஈரத் துணியைத் தரையில் போட்டது போல் ஒரு சின்னச் சத்தம். கதிர் தன் உள்ளங்கையால் மேசையை அடித்திருந்தான். அடித்துவிட்டு, சைமன் அண்ணனின் வாயை நிமிர்ந்து பார்த்தான். அவன் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

நான் ஒத்திகை பார்த்த வசவெல்லாம் மறந்துபோயிற்று.

குளிர்பெட்டியில் ஒட்டிய தாள்

விதி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வராது. பரவாயில்லை. பிரசவ வார்டைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியபோது ஒரு வாசகி, "நீங்கள் எதற்கெடுத்தாலும் ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். அவருக்கும் இதில் பதில் இருக்கலாம்.

டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது என்றார். சொன்னதெல்லாம் பிள்ளைக்குப் புரிகிறது, சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

பொறுப்பது எனக்கு வராது. நான் வேதியியல் படித்தவள். ஒரு வேலையைக் கொடுத்தால் செய்வேன், ஒன்றும் செய்யாமல் இரு என்றால் எதையாவது தேடிப் போவேன். போனில் தேடித் தேடிப் படித்தேன். பல மொழி காதில் விழும் பிள்ளை குழம்பிப்போகும், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள் என்றது ஒரு கட்டுரை. அதெல்லாம் ஒன்றுமில்லை, உங்களுக்கு இயல்பாக வருவதைப் பேசுங்கள் என்றது இன்னொன்று. எது அதிகக் கஷ்டமோ அதுதான் சரியாக இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். முதல் கட்டுரையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளைத் தாளில் வட்ட வட்டமான பர்மிய எழுத்தில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்: 'இந்த வீட்டில் பர்மிய மொழி மட்டும்.' பள்ளிக்கூடம் பர்மிய மொழியில்தானே நடக்கிறது. தெரு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தானே.

சரவணன் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். "ஹோக்கே," என்றார். பர்மிய மொழியில் 'சரி'.

அன்றிலிருந்து வீடு அமைதியானது.

நாங்கள் இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். பர்மிய மொழி தண்ணீர் மாதிரி வரும். நான் தமிழ் எழுதப் படித்ததே கோயில் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த வகுப்பில்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பர்மிய மொழியில் சண்டை போட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேலி செய்ததும் இல்லை. சரவணன் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஆபீசில் வேலை பார்க்கிறார். பர்மிய மொழியைத் திறந்தால் அவர் வாயில் அந்த ஆபீஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பெல்லாம் நான் மீன் குழம்பு வைத்தால், "என்ன கலா, மீன் இன்னும் நீந்துதே, ஆத்துலயே விட்டுட்டு வந்துரவா?" என்பார். விதி வந்த பிறகு, "குழம்பு நன்றாக இருக்கிறது, நன்றி," என்றார். மேலதிகாரியிடம் சொல்வது போல.

நான் மட்டும் என்ன? கதிரைக் குளிப்பாட்டும்போது வாய்க்கு வந்ததை உளறிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவேன். இப்போது, "இது என்ன? இது தண்ணீர். இது என்ன? இது சோப்பு," என்று பரீட்சை நடத்தினேன். அவன் ஊசி போடக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தான்.

லைங் தாயா தொழிற்பேட்டையில், தையல் ஆலையில் மேற்பார்வை செய்யும் என் அக்கா, தினமும் சாயங்காலம் ஆலை பஸ்ஸில் ஏறியதும் போன் போடுவாள். அந்தப் பக்கம் நூறு பெண்களின் இரைச்சல். "பேசினானா?" என்பாள். "இன்னும் இல்ல," என்பேன். அதையும் பர்மிய மொழியில்தான் சொன்னேன், கதிர் பக்கத்தில் இருந்ததால். அக்கா ஒரு நாள் கேட்டாள்: "ஏண்டி, என் மேல கோவமா? யாரோ மாதிரி பேசுற?"

விதியில் இரண்டாவது வரியும் இருந்தது. தேநீர்க்கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது. காலையில் நான் சமைக்கும் நேரத்தில் சரவணன் கதிரைத் தோளில் போட்டுக்கொண்டு டோ சான் கடைக்குப் போவது வழக்கம். அங்கே மூன்று மொழியைக் கலந்துகட்டிக் கத்துவார்கள். குழம்பிய பிள்ளையை இன்னும் குழப்பவா?

இருபது நாள் சரவணன் விதியை மீறவில்லை. இருபத்தோராம் நாள், மழைச் சத்தத்தில் நான் கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது அப்பா, மகன் இருவர் செருப்பும் வாசலில் இல்லை.

பாலர் பள்ளி நேர்காணலுக்கு அன்றோடு எட்டு நாள் இருந்தது. எங்கள் வட்டாரத்தில் நல்ல பெயர் வாங்கிய பள்ளி. பிள்ளை தன் பெயரைச் சொல்ல வேண்டும், ஒரு நிறத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளையை அடுத்த வருடம் வரச் சொல்லிவிடுவார்கள் என்று விண்ணப்பம் வாங்கிய வரிசையில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடமும் பேசாவிட்டால்? அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. சரவணனிடம்கூட. பர்மிய மொழியில் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேசைக்காரர்கள்

எங்கள் வீடு ரங்கூனின் அலோன் பகுதியில், மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஆற்று வாசனையும் கிடங்குகளின் சாக்கு வாசனையும் வரும். டோ சான் கடை கீழே, தெரு முனையில். முழங்கால் உயரத்துக்கு முக்காலிகள். மேசை மேல் எப்போதும் ஒரு பிளாஸ்க் நிறைய வெறும் பச்சைத் தேநீர். அது எவ்வளவு குடித்தாலும் சும்மா. பால் தேநீர் வேண்டுமென்றால் முத்தம் கொடுப்பது போல் உதட்டைக் குவித்து 'ப்ச் ப்ச்' என்று கூப்பிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பதறுவார்கள். இங்கே அதுதான் மரியாதை.

சுவரோர மேசை தமிழர்களுடையது. சரவணனைத் தவிர அங்கே மூன்று பேர்.

சைமன் அண்ணன் மிஷன் பள்ளிக் குடும்பம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளைகளுக்கு வீட்டில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறார். கால்பந்தில் நீலச் சட்டை அணிக்கு உயிரை விடுவார். கோ மணி பயறு மார்க்கெட்டில் தரகர். சிவப்புச் சட்டை அணி. உளுந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறுமா ஏறாதா என்பதைத் தவிர வேறு எதிலும் அவருக்குச் சந்தேகம் கிடையாது. மூன்றாமவர் ஊ செல்லையா. 'ஊ' என்பது பெரியவர்களுக்கு நாங்கள் வைக்கும் மரியாதை அடைமொழி; 'டோ', 'கோ', 'மா' எல்லாம் அதே மாதிரிதான். கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றி ஓய்ந்தவர். எந்த அணியும் கிடையாது. தோற்கிற பக்கம் சேர்ந்துகொள்வார்.

பேச்சு தினமும் ஒரே வரிசையில் போகும் என்று சரவணன் சொல்லியிருக்கிறார். முதல் கோப்பைக்குக் கால்பந்து. இரண்டாவதற்கு வியாபாரம். கடைசியில், பிளாஸ்க் காலியாகும் நேரத்தில், நாட்டு நடப்பு. அதை மட்டும் சத்தமாகப் பேசமாட்டார்கள். 'வானிலை' என்பார்கள்.

"வானிலை எப்படி?"

"வடக்க மழை."

"நம்ம பக்கம்?"

"மேகமாத்தான் இருக்கு."

அப்புறம் நால்வரும் கோப்பைக்குள் பார்ப்பார்கள். சைமன் அண்ணனின் மகன் ஜப்பானில். கோ மணியின் தம்பி மலேசியாவில். முன்பு அந்த மேசையைச் சுற்றிப் பத்து முக்காலி கிடந்ததாம்.

கால்பந்து விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வாரம் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆட்டம். கடைசி நிமிடத்தில் சிவப்புக்கு ஒரு பெனால்டி. ஆட்டக்காரன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான். கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க, "அமலே!" என்று, நம் 'ஐயோ அம்மா' போல, ஒரு அலறல். அவ்வளவுதான். அந்த உதையை யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஐந்து நாளாக அதைப் பற்றித்தான் சண்டை. போனில் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதனால்தான் யாரும் பார்க்கவில்லை.

இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

துபாயிலிருந்து வந்த அறை

அந்த 'பொய்' எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊ செல்லையா எனக்குச் சொன்ன கதை. அவர் கதைகளில் பாதியைத்தான் நம்பலாம் என்பார் சரவணன். இது நம்பும் பாதி என்று நினைக்கிறேன்.

செல்லையாவின் கப்பல் ஒருமுறை பழுதாகித் துபாயில் பல வாரம் கிடந்ததாம். கரையோரத்தில் சோமாலிக்காரர்களின் தேநீர்க்கடை ஒன்று. பாலும் ஏலக்காயும் கொதிக்கும் வாசனை பிடித்துப்போய் உள்ளே போயிருக்கிறார்.

"உள்ள பத்துப் பேரு. ஒருத்தன ஒருத்தன் கொல்லப் போறான்னு நெனச்சேன்மா," என்றார். "அப்படிக் கத்துறானுங்க. எனக்கு ஒரு வார்த்த தெரியாது. ஆனா நாலு நாள் உக்காந்ததுல எல்லாம் புரிஞ்சு போச்சு. கால ஆட்டுனா பந்து. கைய இடுப்புக்கிட்ட வச்சு ஒசரம் காட்டுனா ஆட்டு வியாபாரம். கதவப் பாத்துட்டுப் பேசுனா அவங்க ஊரு அரசாங்கம்."

ஊரை விட்டு வந்தவர்கள். ஒருவர் டாக்சி ஓட்டுகிறவர், ஒருவர் ஆடு ஏற்றுமதி, ஒருவர் படித்துவிட்டு வேலை தேடுகிறவர். யாராவது உறுதியான குரலில் எதையாவது சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் மேசையை அறைந்து, "வா பேன்!" என்பாராம். நம் காதுக்கு வேறு மாதிரி கேட்கும். அவர்கள் மொழியில் 'அது பொய்' என்று அர்த்தமாம்.

"கோவமே இல்லம்மா அது. புதுசா வந்தவன் பேசுனா யாரும் அறைய மாட்டாங்க. மரியாதையாக் கேட்டுக்குவாங்க. ஒனக்கும் அறை விழுந்துச்சுன்னா நீ அந்த மேசைக்காரன். எனக்கு எப்ப விழுந்துச்சு தெரியுமா? எங்க ரங்கூன் சோறுதான் ஒலகத்துலயே நல்ல சோறுன்னு சைகையில சொன்னேன். பத்துப் பேரும் சேந்து அடிச்சானுங்க. கப்பல் கெளம்புற அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு."

தொழுகைக்கு அழைப்பு வந்ததும், அதுவரை கத்தியவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு எழுந்து போவார்களாம். அந்த வழக்கத்தை செல்லையா கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து டோ சானின் மேசையில் இறக்கிவிட்டார். சொல்லை மட்டும் தமிழாக்கிக்கொண்டார்கள்.

நான் உட்கார்ந்தேன்

வாசலுக்குத் திரும்பி வருகிறேன். குடை இன்னும் விரிந்தேதான் இருந்தது.

சரவணன் முதலில் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்தது. எழுந்து, பர்மிய மொழியில், "நீ தூங்கிக்கொண்டிருந்தாய், அதனால்..." என்று ஆரம்பித்தார்.

"தமிழ்லயே சொல்லுங்க," என்றேன்.

அவர் கதிரைப் பார்த்தார். பிறகு, மெதுவாக: "வீட்டுல அவன் மூஞ்சியப் பாக்க முடியல கலா. உன் மூஞ்சியையும்தான்."

டோ சான் ஒரு நீல முக்காலியை எடுத்து, ஈரத்தைத் தன் லுங்கி நுனியால் துடைத்து, கதிருக்குப் பக்கத்தில் போட்டார். "உட்காரு, மா கலா," என்றார். ஆறாவது முக்காலி. நான் உட்கார்ந்தேன்.

பேச்சு மெதுவாக மறுபடியும் கால்பந்துக்கே போனது. அந்தப் பெனால்டிதான். கோ மணி அது கோல் என்றார். சைமன் அண்ணன் கம்பத்தில் பட்டது என்றார். செல்லையா பந்து ஆற்றுக்குள் விழுந்திருக்கும் என்றார். கதிரின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. பந்தைப் பார்ப்பது போலப் பேச்சைப் பார்த்தான். என் இருபது நாள் பரீட்சையில் அவன் கண்ணில் அந்த வெளிச்சத்தை நான் ஒருமுறையும் பார்த்ததில்லை.

உதவியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போனை எடுத்துத் தேடினேன்.

"அது கோல் ஆகலண்ணே," என்றேன். "கீப்பர் பிடிச்சுட்டாரு. வீடியோ இருக்கு, பாருங்க."

யாரும் மேசையை அறையவில்லை. "அப்படியாம்மா," என்றார் சைமன் அண்ணன், மிகவும் மரியாதையாக. கோ மணி பிளாஸ்க்கைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒரு வாரப் பேச்சை நான் ஒரே வரியில் கொன்றுவிட்டேன். படிகளில் ஏறும்போது சரவணன் சொன்னார்: "பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தான் இருந்திருப்ப நோ?" இருபத்தொரு நாள் கழித்து முதல் கேலி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

குளிர்பெட்டித் தாளை நான் கிழிக்கவில்லை. முழுசாக ஒன்றைக் கைவிடும் துணிவு எனக்கு எப்போதும் இருந்ததில்லை. கரண்ட் வரும் நேர அட்டவணையை அதன் மேல் ஒட்டினேன்.

அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும். அடுப்பு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு நானும் போனேன். தவறு செய்கிறேனோ என்ற எண்ணம் மட்டும் விடவில்லை. நேர்காணலுக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது, பிள்ளைக்குப் பெயர் சொல்லப் பழக்காமல் உளுந்து விலை கேட்க வைக்கிற அம்மா உலகத்தில் வேறு யாராவது உண்டா?

மூன்றாம் நாள், பேச்சில் ஒரு சின்ன இடைவெளி வந்தபோது, என்னை அறியாமல் சொன்னேன்: "அந்த கீப்பரு பிடிச்சது தெறமையால இல்ல. பயத்துல கையத் தூக்கினாரு, பந்து தானா வந்து மாட்டிக்கிச்சு."

"பொய்!" சைமன் அண்ணனின் அறையில் என் தேநீர் பாதி தட்டில் கொட்டியது.

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பக்கத்தில் சின்ன அறையும் விழுந்தது. சத்தமில்லாத உதடுகளோடு.

சயாமாவின் மேசை

பள்ளி நடத்தும் ஆசிரியையை எல்லோரும் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியானவர், கொண்டையில் ஒரு மல்லிகைச் சரம். அறையில் ஒரு தாழ்வான மரமேசை. அதன் மேல் ஒரு சிவப்புக் கோப்பை, நாலைந்து மரக்கட்டைகள். கதிருக்கு மஞ்சள் சட்டை போட்டிருந்தேன். சரவணனுக்கு ஆபீசில் கப்பல் வரும் நாள். நான் தனியாகத்தான் போனேன்.

"உன் பெயர் என்ன?" என்று சயாமா பர்மிய மொழியில் கேட்டார்.

கதிர் மின்விசிறியைப் பார்த்தான்.

"இது என்ன நிறம்?" சிவப்புக் கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

கதிர் கோப்பையைப் பார்த்தான். தன் முக்காலியின் நிறம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். வாய் திறக்கவில்லை.

சயாமா அவசரப்படவில்லை. காத்திருந்தார். அந்த அமைதியில் வெளியே சைக்கிள் ரிக்‌ஷா மணி ஒன்று அடித்து ஓய்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "வீட்டில் பேசுகிறானா?"

உண்மையைத்தான் சொல்வது என்று வரும் வழியெல்லாம் முடிவு செய்திருந்தேன். காது சோதனை ரிப்போர்ட்டைக்கூடப் பையில் வைத்திருந்தேன். ஆனால் சயாமாவின் பேனா தாளின் மேல் இறங்கப் போவதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "வீட்டில் நன்றாகப் பேசுவான், சயாமா," என்றேன், திருத்தமான பர்மிய மொழியில், உறுதியான குரலில். "வாயே மூடமாட்டான். இங்கே வெட்கப்படுகிறான்."

சின்ன உள்ளங்கை மரமேசையில் விழுந்தது. கட்டைகள் துள்ளின.

"பொய்!"

சத்தம். கொஞ்சம் கரகரப்பாக, பல நாள் பூட்டியிருந்த கதவைத் திறந்தது போல ஒரு சத்தம். என் மகனின் குரல் எப்படி இருக்கும் என்று மூன்று வருடம் கற்பனை செய்திருக்கிறேன். இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

"என்ன சொல்கிறான்?" என்றார் சயாமா. அவருக்குத் தமிழ் தெரியாது.

நான் எதையாவது சொல்லியிருக்கலாம். 'சிவப்பு' என்கிறான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கதிர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கை இன்னும் மேசை மேலேயே இருந்தது. இன்னொரு அறைக்குத் தயாராக.

"நான் சொன்னது பொய் என்கிறான், சயாமா," என்றேன். "உண்மைதான். அவன் இதுவரை பேசியதே இல்லை. இதுதான் முதல் வார்த்தை."

சயாமா பேனாவை மூடி வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்கள் சொன்னது பர்மிய மொழியில். அவன் பதில் சொன்னது தமிழில். அப்படித்தானே?"

தலையாட்டினேன்.

"அப்படியென்றால் இரண்டும் உள்ளே சரியாகத்தான் இருக்கிறது," என்றார். "பெயரை நான் சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன். அது என் வேலை. திங்கட்கிழமை கூட்டி வாருங்கள்." எழுந்தவர், கதவருகே நின்று கேட்டார்: "இந்த மேசையை அடிப்பதை எங்கே கற்றான்?"

"டீக்கடையில்," என்றேன். அதையாவது முதல் தடவையே உண்மையாகச் சொன்னேன்.

அவனுக்குப் புரிந்துதான் சொன்னானா, இல்லை உறுதியான குரலில் யார் எதைச் சொன்னாலும் மேசையை அடிக்க வேண்டும் என்று நினைத்தானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இப்போது அவன் காலையிலிருந்து படுக்கும்வரை இரண்டு மொழியிலும் ஓயாமல் பேசுகிறான். கேட்டால், எனக்கு ஞாபகமில்லை என்கிறான்.

நேராக டோ சான் கடைக்குப் போனோம். மழை விட்டிருந்தது. மார்க்கெட் நேரம் தாண்டியும் கோ மணி போகவில்லை. சைமன் அண்ணனின் டியூஷன் பிள்ளைகள் காத்திருந்திருப்பார்கள். சரவணன் ஆபீசிலிருந்து பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு வந்து, நாற்பது நிமிடமாக உட்கார்ந்திருந்தாராம். சிவப்பு முக்காலியும் நீல முக்காலியும் காலியாகக் கிடந்தன.

"பேரு சொன்னானாம்மா?" என்றார் ஊ செல்லையா.

"சொல்லல."

நான்கு முகங்களும் கீழே இறங்கின. சரவணன் என் கையைப் பிடித்தார்.

"வேற ஒன்னு சொன்னான்," என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

சைமன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். சரவணன் கதிரைத் தூக்கி அவன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "துபாய்ல அந்தக் கடை இன்னும் இருக்குமா?" என்றார் செல்லையா, யாரிடம் என்றில்லாமல். "யாராச்சும் போயி அவங்ககிட்ட இதச் சொல்லணும்."

கோ மணிதான் முதலில் சுதாரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, உளுந்து விலை சொல்லும் அதே குரலில், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். "மொத நாளே சொன்னேன், இவன் இந்த வாரம் பேசிருவான்னு!"

சைமன் அண்ணனின் கையில் கண்ணாடி இருந்தது. அவர் அதை மேசையில் வைப்பதற்குள் இரண்டு உள்ளங்கைகள் விழுந்துவிட்டன. ஒன்று சின்னது. இன்னொன்று என்னுடையது.

"பொய்!"